கம்பி ஆண்டெனாவின் சண்டித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு) உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கட்டுவது கம்பி ஆண்டெனாதான். கட்டிய மறுநாளே கேள்விகள் வந்துவிடும். பல ஆண்டுகளாக ஒரே பதினைந்து இருபது சந்தேகங்களையே வெவ்வேறு குரல்களில் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில், நடுவில் கோஆக்சியல் கேபிள் (நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னல் உறை) இணைத்த அரையலை டைபோலை, அதாவது மொத்தம் அரை அலைநீளமுள்ள இரு கைக் கம்பியைப் பற்றிப் பேசுகிறேன் என்று கொள்ளுங்கள். 1880-களின் இறுதியில், ரேடியோ அலைகளைச் சோதனையில் நிரூபித்த இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் தன் சோதனைக்கூடத்தில் வைத்திருந்ததும் ஏறத்தாழ இதுதான்: இரண்டு கைகள், நடுவே ஓர் இடைவெளி.

மேலே ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை. கம்பியோ கயிறோ அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத இடத்தில்தான் ஆண்டெனா இருக்க வேண்டும். இடி முழங்கும்போது கேபிளின் பக்கமே போகாதீர்கள். கம்பியில் ஒருவர் கை வைத்திருக்கும்போது இன்னொருவர் மைக்கை அழுத்தக் கூடாது.

சூத்திரப்படி அளந்துதான் வெட்டினேன். பிறகு ஏன் ஒத்ததிர்வு (கம்பி இயல்பாக இசைந்து அதிரும் அதிர்வெண்) வேறு இடத்தில் வருகிறது?

143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும் என்பதுதான் அந்தச் சூத்திரம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.14 மீட்டர், அதாவது ஒரு கைக்குப் பத்து மீட்டருக்குச் சற்று மேல். இதை வேலை தொடங்குவதற்கான அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால், வெறும் செம்புக் கம்பியைவிட 2 முதல் 5 சதவீதம் குறைவான நீளமே போதும். 20 மீட்டரில் 3 சதவீதம் என்பது 60 சென்டிமீட்டர். அளக்கும் கருவியில் நன்றாகவே தெரியும்.

தரையும் தன் பங்குக்கு இழுக்கும். கம்பி தரைக்கு அருகில் இருந்தால் ஒத்ததிர்வு பெரும்பாலும் கீழே இறங்கும். தலை உயரத்தில் வைத்து அழகாகச் சரிசெய்துவிட்டு மேலே ஏற்றியவர்கள், அங்கே போனதும் கம்பி குட்டையாகிவிட்டதாகப் புலம்புவது இதனால்தான். அளக்கும்போது இன்னும் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகும். நடுவில் கேபிளைப் பிரித்து விட்ட வால்களும் கையின் நீளத்தில் சேரும். முனை இன்சுலேட்டரில் கோத்துத் திருப்பிச் சுற்றிய பகுதி சேராது. வளையத்தின் நுனி வரைதான் கணக்கு.

எஸ்டபிள்யூஆர் 3 காட்டுகிறது. கம்பியை வெட்டுவதா, நீட்டுவதா?

எஸ்டபிள்யூஆர் என்பது, அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ஒரே ஓர் அதிர்வெண்ணில் பார்த்த எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அலைவரிசையின் கீழ் முனை, நடு, மேல் முனை என மூன்று இடங்களில் பாருங்கள். கீழே போகப் போகக் குறைந்தால் கம்பி நீளம், வெட்ட வேண்டும். மேலே போகப் போகக் குறைந்தால் கம்பி குட்டை, நீட்ட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே போல இருந்தால் கம்பியைத் தொடாதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எவ்வளவு வெட்டுவது என்பது எளிய வகுத்தல். 20.9 மீட்டர் கம்பி 6.85 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவாகக் காட்டுகிறது, உங்களுக்கு 7.10 வேண்டும் என்று வையுங்கள். 20.9-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 20.16. ஆக மொத்தம் 74 சென்டிமீட்டர், கைக்கு 37. ஆனால் முதலில் கத்தரியை எடுக்க வேண்டாம். 30 சென்டிமீட்டரை மட்டும் மடித்து, அதே கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். மடிப்பைப் பிரித்துவிடலாம், வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. 7 மெகாஹெர்ட்ஸில் கைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் எடுத்தால் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் நகரும். 14-ல் அதே 10 கிலோஹெர்ட்ஸுக்கு மூன்றரை மில்லிமீட்டர் போதும்.

1.5-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ரேடியோ கெட்டுவிடுமா?

கெடாது. 1.5 என்றால் போன சக்தியில் 4 சதவீதம் திரும்பி வருகிறது. 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25. பெரும்பாலான ரேடியோக்கள் 2-ஐத் தாண்டிய பிறகுதான் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கத் தொடங்கும். எதிர்முனையில் கேட்பவரின் மீட்டரில் ஒரு எஸ் அலகு (சிக்னலின் வலுவைக் காட்டும் ஒரு படி) நகர 6 டெசிபெல் வேண்டும். உங்கள் 4 சதவீதம் 0.2 டெசிபெல்கூட இல்லை.

சொல்லப்போனால், தடையில்லாத வெளியில் தொங்கும் டைபோலின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 73 ஓம். 50 ஓம் கேபிளில் அது 1.46 காட்ட வேண்டும், காட்டினால்தான் நியாயம். கைகளைத் தாழ்த்தித் தலைகீழ் ‘வி’ போலக் கட்டினால் 50-ஐ நெருங்கும். 1.0 வரும் வரை தூங்க மாட்டேன் என்று கம்பியைத் துண்டு துண்டாக வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஆண்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்தியிருக்கலாம்.

எந்த அதிர்வெண்ணிலும் 10-க்கு மேல். முள் போய் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே தொடங்குவது?

இப்படி ஒரேயடியாக மறுத்தால் அது நீளத்தின் பிரச்சினை அல்ல. எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. மேசையிலிருந்து வெளிநோக்கிப் போங்கள். ரேடியோவுக்கு அருகில் 50 ஓம் டம்மி லோடை (ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டிப் பாருங்கள். 1-ஐ ஒட்டி வந்தால் ரேடியோவும் மீட்டரும் சரி. பிறகு அதே டம்மி லோடைக் கேபிளின் மறுமுனையில், ஆண்டெனா இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுங்கள். இப்போதும் 1-ஐ ஒட்டி வந்தால் கேபிள் அறுந்தோ ஒட்டியோ இல்லை, மேலே உள்ள இணைப்பைப் பாருங்கள். வராவிட்டால் கேபிள் அல்லது கனெக்டர்.

நான் பார்த்தவரை பத்தில் ஏழெட்டு முறை குற்றவாளி கனெக்டர்தான். பின்னல் உறையின் ஒரே ஓர் இழை, மயிரிழை போலச் செம்பு, நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு வகை: பற்றவைத்த இடம் பளபளப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தது போல் மங்கியிருக்கும். அதற்குள் கம்பி தளர்ந்து கிடக்கும்.

மல்டிமீட்டரில் பார்த்தால் ஷார்ட் காட்டுகிறது. இதுதான் கோளாறா?

ஆண்டெனாவின் வகையைப் பொறுத்தது. சாதாரண டைபோல் என்றால் கேபிளின் நடுக் கம்பிக்கும் உறைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஒன்றுக்கு ஒன்று மின்னோட்ட பேலன் (கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் பாகம்) வைத்திருந்தாலும் அப்படியே. ஆனால் மடிப்பு டைபோல், முழு வளையம், மின்னழுத்த பேலன், 49-க்கு 1 மின்மாற்றி போட்ட எண்ட்-ஃபெட் (நடுவில் அல்லாமல் ஒரு முனையில் கேபிள் சேரும் கம்பி) ஆகியவற்றில் நேர்மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுப்பாதை உண்டு. அவற்றில் ஷார்ட் காட்டுவதுதான் இயல்பு, காட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இது தெரியாமல் நல்ல மின்மாற்றியைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

கேபிளை இரண்டு மீட்டர் கூட்டினேன், எஸ்டபிள்யூஆர் மாறிவிட்டது. கேபிளின் நீளமும் கணக்கில் சேருமா?

சேரக் கூடாது. கேபிள் வழியே இம்பீடன்ஸ் மாறிக்கொண்டே போகும், ஆனால் எஸ்டபிள்யூஆர் மாறாது. இழப்பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு மீட்டர் சேர்த்ததற்கே கண்ணில் படும்படி மாறுகிறது என்றால், கேபிளின் வெளி உறையிலும் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். உங்கள் டைபோலுக்கு இரண்டு கைகள் அல்ல, மூன்று. அந்த மூன்றாவது கை சுவர் ஓரமாக இறங்கி, சன்னல் வழியே நுழைந்து, மேசை வரை வருகிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை. அனலைசரை (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) மாட்டி, திரையைப் பார்த்தபடியே கேபிளை வெவ்வேறு இடங்களில் கையால் இறுகப் பிடியுங்கள். எண் ஆடினால் சந்தேகமே வேண்டாம். கோளாறு வானிலிருந்து இறங்கவில்லை, கேபிள் வழியாகத்தான் வருகிறது. மருந்து, அடுத்த கேள்வியில் வரும் பேலன்.

பேலன் கட்டாயமா? பழைய கணினி பவர் சப்ளையில் கிடைத்த வளையத்தில் சுற்றினால் போதாதா?

(இதை ‘பாலன்’ என்று எழுதினால் யாரோ ஒருவரின் பெயர் போலாகிவிடுகிறது, ஆகவே பேலன்.) கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். பேலன் இல்லாமலே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன மூன்றாவது கை இருக்கும் வரை நீங்கள் செய்யும் எந்த அளவையும் நம்ப முடியாது. கோளாறு தேடுபவருக்கு அதுதான் பெரிய இடைஞ்சல்.

பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத் தூளால் ஆனது. பார்க்கக் கச்சிதமாக இருந்தாலும் இந்த வேலைக்கு அதன் தடுப்புத் திறன் போதாது. ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) வேண்டும், அதிலும் கலவை எண் முக்கியம். குறு அலைக்கு 31 நல்லது, 43-உம் பரவாயில்லை. எஃப்டி240-31 வளையத்தில் மெல்லிய கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, கம்பியும் கேபிளும் சேரும் இடத்திலேயே வையுங்கள். ஃபெரைட் கிடைக்கவில்லையென்றால் கேபிளையே வளைத்து வெறும் காற்றுச் சுருளாகக் கட்டலாம். ஆனால் அது ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும்தான் ஒழுங்காகத் தடுக்கும்.

மழை பெய்தால் மாறுகிறது, காய்ந்தால் சரியாகிறது. விட்டுவிடலாமா?

எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்பதைப் பாருங்கள். மழை நின்று சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால், கம்பியின் மேல் படிந்த நீரும் அதை உரசும் இலைகளும்தான் காரணம். முனை இலையில் படாமல் கயிற்றைக் கொஞ்சம் நீட்டுங்கள், போதும். வெயில் அடித்து மூன்று நாளாகியும் சரியாகவில்லையென்றால் நீர் பேலன் பெட்டிக்குள்ளோ கேபிளுக்குள்ளோ போய்விட்டது. பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை போடுங்கள். எத்தனை பசை பூசினாலும் ஈரம் உள்ளே வரும், வெளியேறவும் வழி வேண்டும். கேபிளுக்குள் போயிருந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

3.5 முதல் 3.9 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே பார்த்தாலும் எஸ்டபிள்யூஆர் 1.3. அருமையான ஆண்டெனாதானே?

இந்தப் பட்டியலிலேயே என்னைப் பயமுறுத்தும் கேள்வி இதுதான், ஏனென்றால் கேட்பவர் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பார். ஒற்றைக் கம்பி டைபோல் அந்த அலைவரிசையில் இவ்வளவு அகலமாக நடந்துகொள்ளாது. நடுவில் குறைந்து இரு ஓரத்திலும் 3, 4 என ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், திரும்பி வர வேண்டிய சக்தி வழியிலேயே செத்துப் போகிறது. மீட்டர் திரும்பி வந்ததை மட்டும்தான் எண்ணும். ஏன் வரவில்லை என்று கேட்காது. டம்மி லோடுகூட எல்லா அதிர்வெண்ணிலும் 1.0 காட்டும், அதை வைத்து யாருடன் பேச முடியும்?

நானும் இதில் ஏமாந்தவன். ஒரு பருவம் முழுக்க என் 80 மீட்டர் அலைவரிசை (3.5 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் தங்கமாக நடந்துகொண்டது. என்னைத்தான் யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் மேல்முனையிலிருந்து கேபிளின் கறுப்பு உறையை ஒரு சாண் நீளத்துக்குக் கீறிப் பார்த்தேன். செம்புப் பின்னல் கரி போலக் கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிர்ந்தது. இன்னொரு சாண் கீறினேன், அங்கும் அதே. திறந்து விட்ட முனை வழியாக நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, பின்னலுக்குள் பரவியிருந்தது.

சோதிப்பது எளிது. கேபிளின் மறுமுனையை எதனுடனும் இணைக்காமல் திறந்து விட்டு, இந்த முனையில் அனலைசரால் பாருங்கள். (ரேடியோவை வைத்து இதைச் செய்யாதீர்கள்.) இழப்பில்லாத கேபிள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி, எஸ்டபிள்யூஆரை எங்கோ உயரத்தில் காட்டும். 3 காட்டினால், போக வர 6 டெசிபெல் இழப்பு, ஒரு வழிக்கு 3. ஆண்டெனாவைச் சேர்வதற்கு முன்பே பாதிச் சக்தி போய்விட்டது. அந்தக் கேபிளைச் சீர்செய்ய முடியாது. புதியதை மாட்டும்போது இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுத் தொங்கவிடுங்கள். நீர் வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும்.

5 வாட்டில் 1.2, 100 வாட்டில் 2.5. சக்திக்கேற்ப எஸ்டபிள்யூஆர் மாறுமா?

மாறக் கூடாது, மாறினால் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மீட்டரே பொய் சொல்வது. மலிவான மீட்டரில் உள்ள டையோடு குறைந்த சக்தியில் விழித்துக்கொள்ளாது. திரும்பி வரும் சிறு அளவை அது பார்க்கவே இல்லை, ஆகவே 5 வாட்டில் காட்டிய 1.2 கற்பனையாக இருக்கலாம். அனலைசரில் பார்த்து இதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது தீப்பொறி. அப்போது முள் சட்டென்று எகிறும், விட்டு விட்டு ஆடும். மூன்றாவது சூடு. முள் மெல்ல மெல்ல ஏறும், நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பழையபடி இறங்கியிருக்கும். பேலனிலோ மின்மாற்றியிலோ உள்ள ஃபெரைட் கொதிக்கிறது என்று பொருள். குரலில் பேசும்போது தாங்கும் வளையம், எஃப்டி8 என்ற கணினி வழி டிஜிட்டல் முறை போல 12 விநாடிக்கு மேல் தொடர்ந்து முழுச் சக்தி தள்ளும் முறையில் தாங்காது. தீப்பொறியைத் தேட இருட்டிய பிறகு ஒருவரை வெளியே, பாதுகாப்பான தொலைவில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் தேடினால், கம்பியின் முனையைக் கட்டிய கயிற்றில் பென்சில் முனை அளவுக்கு ஒரு கருகிய புள்ளி கிடைக்கும்.

காற்றடித்தால் மட்டும் முள் ஆடுகிறது.

எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது. முறுக்கி மட்டும் விட்டு, பற்றவைக்காத இடங்களை முதலில் பாருங்கள். கேபிளின் எடை முழுவதையும் இணைப்பே தாங்கினாலும் நாளடைவில் இதுதான் கதி. கேபிளை நடு இன்சுலேட்டரில் தனியாகக் கட்டி, எடையை அதன் மேல் இறக்குங்கள். முனைகள் மரத்தில் கட்டியவையானால் ஒரு பக்கம் கப்பியும் எடையும் வையுங்கள். மரம் ஆடும்போது கம்பி இழுபட்டு நீளாது.

மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்கிறது. மைக்கை அழுத்தினால் கணினி தானே மறுபடி தொடங்குகிறது.

மேலே சொன்ன மூன்றாவது கை உங்கள் மேசைக்கே வந்துவிட்டது. பேலன் இல்லையென்றால் போடுங்கள். இருந்தும் வந்தால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு ஃபெரைட் தடுப்பைச் சேருங்கள். கேபிள் ஒரு கைக்கு இணையாக, அருகிலேயே ஓடினாலும் இது நடக்கும், ஆகவே நடுவிலிருந்து செங்குத்தாக இறக்குங்கள். யு.எஸ்.பி. வயரில் கவ்வும் ஃபெரைட் மணிகள் கணினியைக் காப்பாற்றலாம், ஆனால் அவை நோயைத் தீர்ப்பதில்லை.

ட்யூனர் 1.0 காட்டுகிறது. இனிக் கம்பியைத் தொட வேண்டாம்தானே?

ட்யூனர், அதாவது ரேடியோவுக்கு ஏற்றபடி இம்பீடன்ஸைப் பொருத்தித் தரும் பெட்டி, ரேடியோவை ஏமாற்றும், ஆண்டெனாவை மாற்றாது. ட்யூனருக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே கேபிளில் பழைய எஸ்டபிள்யூஆர் அப்படியே இருக்கிறது. அது 3 என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் அதனால் கூடுதலாக இழப்பது அரை டெசிபெலுக்கும் குறைவு. 30, 60 என்று போனால் கதை வேறு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

7-க்கு வெட்டிய டைபோல் 14-லும் 21-லும் வேலை செய்யுமா?

14-ல் செய்யாது. அங்கே அது முழு அலை நீளம், நடுவில் இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓம். ட்யூனர் எப்படியோ சமாளித்து 1.0 காட்டும், சக்தியின் பெரும்பகுதி கேபிளைச் சூடாக்கும். இதற்குக் கோஆக்ஸை விட்டுவிட்டு, இரட்டைக் கம்பியாலான லேடர் லைனுக்கு மாற வேண்டும்; அதில் இழப்பு மிகக் குறைவு.

21-ல் செய்யும், ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 7.05-இன் மூன்று மடங்கு 21.15 என்று கணக்குச் சொல்கிறது. உண்மையில் ஒத்ததிர்வு அதற்குச் சில நூறு கிலோஹெர்ட்ஸ் மேலே வரும், ஏனெனில் கம்பியைக் குட்டையாக்கும் முனை விளைவு மூன்று அரையலைகளுக்கும் சேர்த்து இரண்டு முனைகளில்தான் நடக்கிறது. ஒரு தந்திரம் உண்டு. நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் மூன்றரை மீட்டரில் ஆளுக்கொரு குட்டிக் கம்பியை வால் போலத் தொங்கவிடுங்கள். அந்த இடத்தில் 21-க்கு மின்னழுத்தம் உச்சம், ஆகவே வால் அதைக் கீழே இழுக்கும். 7-க்கு அங்கே மின்னழுத்தம் குறைவு, அதிகம் நகராது. ஒரு சாண் நீளத்தில் தொடங்கி, பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்.

எண்ட்-ஃபெட் ஆண்டெனாவுக்குத் தரைக் கம்பியே வேண்டாம் என்றார்கள். எனக்கு மட்டும் ஏன் தலைவலி?

‘வேண்டாம்’ என்றவர்களின் ஆண்டெனாவில் கேபிளின் உறைதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவர்கள் கவனிக்கவில்லை. ஒரு முனையில் இம்பீடன்ஸ் 2,500 ஓம் அளவில் இருப்பதால் மறுபக்கம் தேவைப்படும் மின்னோட்டம் சிறியது. சிறியதுதானே தவிர, இல்லாமல் முடியாது. அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு கம்பியை மின்மாற்றியின் தரை முனையில் கட்டுங்கள். தடுப்புச் சுருளைக் கேபிளில் அதற்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 100 வாட்டில் ஆண்டெனாக் கம்பி மின்மாற்றியில் சேரும் முனையில் மின்னழுத்தத்தின் உச்சம் 700 வோல்ட்டைத் தொடும், கை படும் உயரத்தில் விடாதீர்கள்.

9-க்கு 1 மின்மாற்றி வேறு ஜாதி. அது ‘எந்த நீளமும்’ கம்பிக்கானது என்பார்கள், ஆனால் அரையலையும் அதன் மடங்குகளும் அதற்கு ஆகாது. 49-க்கு 1-ஐயும் 9-க்கு 1-ஐயும் மாற்றி மாட்டிவிட்டு வாரக்கணக்கில் கம்பியை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து சுற்றுகளை எண்ணுங்கள். 2-க்கு 14 என்றால் ஏழு மடங்கு, அதன் வர்க்கம் 49.

நேனோ விஎன்ஏ-வில் (ஒரு கையடக்க அனலைசர்) எக்ஸ் (இம்பீடன்ஸின் எதிர்வினைப் பகுதி) சுழியாகும் இடமும் எஸ்டபிள்யூஆர் மிகக் குறைந்த இடமும் ஒன்றாக இல்லையே. எதை நம்புவது?

கேபிளின் இந்த முனையிலிருந்து பார்க்கிறீர்கள் அல்லவா? எஸ்டபிள்யூஆரை நம்புங்கள். இம்பீடன்ஸைக் கேபிள் வழியிலேயே உருமாற்றிவிடுகிறது என்று முன்பே சொன்னேன், ஆகவே இங்கே தெரியும் எக்ஸ் ஆண்டெனாவுடையது அல்ல. ஆண்டெனாவின் சொந்த எக்ஸ் வேண்டுமென்றால், கேபிளை மாட்டிவிட்டு அதன் மறுமுனையில் திறப்பு, ஷார்ட், 50 ஓம் மூன்றையும் வைத்து அளவு திருத்தம் செய்யுங்கள். அல்லது கேபிளை மின்னியல் அரையலை நீளத்துக்கு வெட்டுங்கள். 0.66 வேகக் காரணி உள்ள, அதாவது அலை வெட்டவெளி வேகத்தில் 0.66 மடங்கில் போகும் கேபிளுக்கு 7.1-ல் அது 13.9 மீட்டர். விஎன்ஏ-வை மாட்டும் முன் கேபிளின் நடு ஊசியையும் உறையையும் ஒரு கணம் ஒன்றாகத் தொட வையுங்கள். கம்பியில் தேங்கிய நிலைமின்சாரம் அந்தச் சிறு கருவியைக் கொன்றுவிடும்.

எல்லா அளவும் சரி. ஆனால் நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் 3.9 வரை 1.3 காட்டிய நண்பருக்குச் சொன்ன கேபிள் சோதனையைச் செய்யுங்கள். அதில் தேறினால் உங்கள் அலை எங்கே போகிறது என்று பாருங்கள். ‘விஸ்பர்’ என்று அழைக்கப்படும் டபிள்யூஎஸ்பிஆர் முறை இதற்கென்றே பிறந்தது போன்றது. 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லர், கே1ஜேடி என்ற அழைப்புக் குறியுடைய ஹாம், 2008-இல் இதை வெளியிட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சில வாட் சக்தியில் உங்கள் அழைப்புக் குறி போகும், உலகில் யார் யார் பிடித்தார்கள் என்பது இணைய வரைபடத்தில் விழும். ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள்.

வரைபடத்தில் சில நூறு கிலோமீட்டருக்குள் மட்டும் புள்ளிகள் குவிந்திருந்தால் ஆண்டெனா தாழ்வாக இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி சக்தியைத் தலைக்கு நேர் மேலே அனுப்பும். அது கோளாறு அல்ல, அண்டை ஊர்களுடன் பேச அருமையான அமைப்பு. கண்டம் தாண்ட உயரம்தான் வேண்டும். புள்ளிகளே இல்லையென்றால் முள் எங்கும் 10-க்கு மேல் காட்டியவருக்குச் சொன்ன இடத்துக்குத் திரும்புங்கள்.

எஸ் 9 அளவுக்கு ஒரே இரைச்சல். கம்பியில்தான் ஏதாவது தவறா?

கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் விழுந்தால் அது ஆண்டெனா வழியாக வருகிறது, அதாவது கம்பி தன் வேலையைச் செய்கிறது. பிறகு ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். அமைதியானால் திருடன் உள்ளேதான் இருக்கிறான். ஒவ்வொரு இணைப்பாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்இடி விளக்கு, செல்பேசி சார்ஜர், சூரிய மின் இன்வெர்ட்டர் என்று ஒன்று தலை காட்டும். பேலன் போட்ட பிறகு அனுப்புவதைவிடக் கேட்பது தெளிவாகிவிட்டது என்று பலர் வியப்பதற்கும் காரணம் இதுதான்: வீட்டு இரைச்சல் அந்த மூன்றாவது கை வழியாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகத் தேடுகிறேன். எதை மாற்றினாலும் வேறொன்று மாறுகிறது. என்னதான் செய்வது?

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். புதிய கேபிள், புதிய கனெக்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு ஐந்து மீட்டர் கம்பிகள், ஒரு ஃபெரைட் தடுப்பு. இதை எந்த அழகும் பார்க்காமல் திறந்த இடத்தில் கட்டுங்கள். இது சரியாக அளவு காட்டும் வரை பழையதைத் தொட வேண்டாம். காட்டிய பிறகு பழைய பாகங்களை ஒவ்வொன்றாக இதில் மாட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று அதிர்வெண்களில் பார்த்துக் குறித்து வையுங்கள். எதை மாட்டியதும் எண் கெடுகிறதோ அது தானாக அகப்பட்டுவிடும்.

கெட்டது கேபிள் என்று தெரிந்தால் இரு முனைக் கனெக்டர்களையும் அன்றைக்கே வெட்டி எறியுங்கள். வெட்டாமல் சுருட்டிப் பரணில் வைத்தால், ஆறு மாதம் கழித்து ஏதோ அவசரத்தில் அதையே எடுத்து மாட்டுவீர்கள். நான் மாட்டியிருக்கிறேன்.